புதன்கிழமை கோட்டைக்குப் போனோம்

எங்கள் ஜில்லாவில் மலை கிடையாது. மலை என்ன, குனிந்து எடுத்து ஒரு நாயை விரட்டக் கல்கூடக் கிடையாது. தோண்டினால் வண்டல், இன்னும் தோண்டினால் மணல், அதற்கும் கீழே தண்ணீர். கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் கோயிலுக்குத்தான் போக வேண்டும். அதுவும் ராஜா காலத்தில் எங்கிருந்தோ வண்டி கட்டி இழுத்து வந்த கல். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மலை, மடம், கோட்டை மூன்றையும் ஒரே நாளில் சைக்கிளில் பார்த்துவிட்டு வந்தோம் என்று நான் யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். குடவாசல் பக்கத்தில் ஏதப்பா மலை என்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். ஐம்பது வருஷமாக இதுதான் நடக்கிறது.

யோசனை என் நண்பனுடையது. நாங்கள் படித்த உயர்நிலைப் பள்ளியில் பூகோள வாத்தியாரின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பழைய காலண்டர் தொங்கும். எந்த நாட்டுப் படமோ தெரியாது. தாழ்வான ஒரு மலை, அதன் உச்சியில் கோட்டை, சரிவில் சாமியார்கள் இருக்கும் மடம், கீழே வளைந்து போகும் சாலையில் ஒருத்தன் சைக்கிள் மிதித்துக்கொண்டு போகிறான். தாளெல்லாம் கிழித்து முடித்த பிறகும் படத்துக்காக அதை விட்டுவைத்திருந்தார்கள். வாத்தியாரைப் பார்க்காமல் அந்தச் சைக்கிள்காரனையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் பூகோளத்தில் நாற்பதைத் தாண்டவில்லை. என் நண்பன் எண்பது வாங்கினான். எப்படி வாங்கினான் என்று எனக்கு அப்போதே எரிச்சல்.

பள்ளி முடிந்ததும் நாற்பது வாங்கியவன் கும்பகோணத்தில் காலேஜில் சேர்ந்தான், எண்பது வாங்கியவன் ஏர் பிடிக்கப் போனான். அவன் வீடு வாய்க்காலுக்குத் தெற்கே. எங்கள் வீடு வடக்கே. எங்கள் நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கரை, அவன் அப்பா நாற்பது வருஷம் குத்தகைக்கு உழுதார். அவர் போன பிறகு அவனும் அவன் அம்மாவும் உழுதார்கள். எங்களையும் பெரிய மிராசு என்று நினைத்துவிடக் கூடாது. மொத்தமே ஒரு வேலிக்குக் கொஞ்சம் அதிகம், ஏழு ஏக்கர் வரும். ஆனால் கொஞ்சம் வைத்திருப்பவனுக்குத்தான் பயம் ஜாஸ்தி. என் அப்பா அந்தப் பயத்தோடு எழுந்து, அந்தப் பயத்தோடு சாப்பிட்டு, அந்தப் பயத்தோடு படுப்பவர்.

வயது இருபதை நெருங்கிய பிறகும் அவன் அந்தக் காலண்டரை விடவில்லை. எல்லாம் நம் பக்கத்திலேயே இருக்கிறது, தரங்கம்பாடியில் கடலோரமாக வெள்ளைக்காரன் கட்டிய கோட்டை இருக்கிறது, போகிற வழியில் பெரிய மடம் இருக்கிறது, மலைக்குக் கட்டுமலைக் கோயில் இருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்பான். கட்டுமலை என்பது மண்ணையும் செங்கல்லையும் கொட்டி மனுஷன் எழுப்பிய மேடு. மலையில்லாத சீமையில் சாமிக்கு நாங்களே ஒரு மலை கட்டிக் கொடுத்துவிட்டோம். அது மலையில் சேர்த்தியா என்று நான் கேட்பேன். ஏறினால் மூச்சு வாங்குகிறதல்லவா, அப்படியானால் மலைதான் என்பான்.

இதையெல்லாம் நாங்கள் பேசிக்கொள்வது ஊர் எல்லையில் இருக்கும் மதகுக்கு அந்தப் பக்கம் போன பிறகுதான். ஊருக்குள் அவன் என்னை வாங்க, போங்க என்பான். மதகைத் தாண்டியதும் வாடா, போடா. திரும்பி வரும்போது மதகு வந்ததும் மறுபடி வாங்க. இதை நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் பேசி வைத்துக்கொண்டதில்லை. எனக்கு அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அது புதுக் கட்சி ஆட்சிக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம். குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் அவரை நிலத்தை விட்டு யாரும் இறக்க முடியாது. ஏறாவிட்டால் அவர் அந்த வயலை உழுதார் என்பதற்கு அவருடைய காலில் இருக்கும் சேற்றைத் தவிர சாட்சி கிடையாது. எங்கள் பக்கத்தில் குத்தகை முழுக்க வாய்ப்பேச்சுத்தான். யாரும் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. பக்கத்து ஊர்களில் சிவப்புக் கொடி, ஊர்வலம், அறுப்பு நின்றது, போலீஸ் முகாம் என்று ஒவ்வொரு நாளும் ஒரு சேதி வரும். எங்கள் ஊரில் சத்தமில்லாமல் காரியம் நடந்தது. தெற்குத் தெருவில் குத்தகை உழுத மற்ற இரண்டு குடும்பமும், எங்களுக்கு அந்த நிலத்தில் பாத்தியதை இல்லை என்று கைநாட்டு வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டன. மிச்சம் இருந்தது என் நண்பனுடைய குடும்பம்தான்.

அவன் கைநாட்டு வைக்கிற ஆள் இல்லை. மனு எழுதிப் போட்டிருந்தான். சர்வே நம்பர், விஸ்தீரணம், நான்கு எல்லை, அவன் அப்பா பெயரில் சொசைட்டியில் உரம் வாங்கிய பழைய ரசீதுகள், எந்த வயலில் என்ன பயிர் என்று கணக்குப்பிள்ளை வருஷா வருஷம் எழுதும் அடங்கலின் நகல் எல்லாவற்றையும் ஒரு தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தான். அதிகாரி வந்து விசாரிக்கும் நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். இதற்காக அவன் எங்கள் மேல் விரோதம் பாராட்டவில்லை. உங்கப்பா நிலம் உங்கப்பாவுக்குத்தான், நான் அதில் உழுகிறேன் என்று ஒரு வரி எழுதச் சொல்கிறேன், அவ்வளவுதானே என்று என்னிடமே சொல்லியிருக்கிறான்.

எங்கள் ஊரில் அரசாங்கச் சேதி எதுவானாலும் தமுக்கு அடித்துச் சொல்வது வழக்கம். வெட்டியான் ஒவ்வொரு தெரு முனையிலும் நின்று தமுக்கைத் தட்டி, சேதியை உரக்கச் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போவார். தெரு விடக் கூடாது என்பது முறை. மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் எங்கள் வடக்குத் தெருவுக்கு வந்தார். மூன்றே தட்டு. வருகிற புதன்கிழமை காலை பதினோரு மணிக்குச் சாவடியில் குத்தகை விசாரணை என்று சொன்னார், ஏதோ தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி. பிறகு கோயில் வாசலில் ஒரு முறை. அதோடு தமுக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். வாய்க்காலைத் தாண்டவில்லை. யார் அப்படிச் சொல்லி வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கணக்குப்பிள்ளை அதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் காபி குடித்தார் என்பது தெரியும்.

எங்கள் பயணம் முதலில் ஞாயிற்றுக்கிழமை என்றுதான் பேச்சு. பிறகு அது புதன்கிழமை ஆகிவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "புதன்கிழமை ஊரு கசகசன்னு இருக்கும். எங்கயாச்சும் போறதுன்னா போய்ட்டு வா. என் சைக்கிள எடுத்துக்க." கொஞ்சம் மோர் ஊற்றிக்கொண்டார். "தனியா போவாத. தொணைக்கு ஆள் கூட்டிக்க."

இவ்வளவுதான் அவர் சொன்னது. அவருடைய பச்சை சைக்கிளை அதுவரை நான் துடைக்கத்தான் செய்திருக்கிறேன். டைனமோ வைத்தது, செயினுக்கு முழு மூடி, சீட்டுக்கு உறை. வீட்டில் மனுஷர்களுக்கு இல்லாத மரியாதை அதற்கு உண்டு. அதைக் கொடுக்கிறேன் என்று அவர் சொன்னதும் எனக்கு எல்லாம் புரிந்தது. புரிந்துவிட்டது என்பதை அவருக்கும் காட்டிக்கொள்ளவில்லை, எனக்கும் காட்டிக்கொள்ளவில்லை. துணைக்குக் கூட்டிக்கொள்ள எனக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

புதன்கிழமை விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். அவன் தன் அக்கா வீட்டுக்காரரின் சைக்கிளைக் கேட்டு வாங்கி வந்திருந்தான். மட்கார்டு கிடையாது, பெல் கிடையாது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை கிறீச் என்று கத்தும். அம்மா எலுமிச்சம்பழச் சோற்றை இரண்டு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்திருந்தாள். மதகைத் தாண்டியதும் அவன் என் சைக்கிளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தான். "ஒங்கப்பனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையாடா? குடுத்துருக்காரு?" என்றான். நான் சிரித்துச் சமாளித்தேன்.

சம்பா அறுவடை முடிந்து அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து பச்சை கட்டியிருந்தது. ரோட்டில் ஆங்காங்கே வைக்கோல் பரப்பியிருந்தார்கள். அதன் மேல் போகும்போது சைக்கிள் சத்தமே இல்லாமல் போகும், அவனுடையதுகூட. அரசலாற்றுப் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தோம். முழங்கால் ஆழம்தான் ஓடியது. எதிர்காற்று லேசாக இருந்தது. அவன் பாடிக்கொண்டே வந்தான். குரல் கேவலமாக இருக்கும், ஆனால் அவனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

மடம் இருந்த ஊருக்கு எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். நான் நினைத்தது யானை, மண்டபம், காவி கட்டிய தம்பிரான்கள். இருந்தன. ஆனால் வாசலில் கூட்டம் வேறு மாதிரி இருந்தது. மடத்து நிலங்களை உழுகிறவர்கள் நூறு பேருக்கு மேல் சாலை ஓரத்துப் புளியமரங்களின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் மனு. ஒருவர் பழப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் வைத்து எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர்களுக்கு அங்கே விசாரணை.

என் நண்பன் மடத்தை மறந்துவிட்டான். சைக்கிளை நிறுத்திவிட்டு அந்தக் கூட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். அதிகாரி என்ன கேட்கிறார், எந்தக் காகிதத்தைப் பார்க்கிறார், ஆள் நேரில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொருவராக விசாரித்தான். ஆள் இல்லாவிட்டால் தள்ளுபடிதான், கூப்பிட்ட நேரத்தில் காகிதத்தோடு நிற்க வேண்டும் என்று ஒரு பெரியவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அவன் திரும்பி வரும்போது முகமெல்லாம் தெளிவாக இருந்தது.

"அவங்க கேக்குற அத்தனையும் என்கிட்ட இருக்குடா. ஒண்ணு விடாம இருக்கு." இடுப்பைத் தட்டிக் காட்டினான். பெட்டிச் சாவி அவன் அரைஞாணில் இருந்தது. "நம்ம ஊருக்கு எப்ப வராங்கன்னுதான் தெரியல. தமுக்கு போடுவாங்களாம். காத தீட்டி வெச்சிக்கணும்."

என் கைக்கடிகாரத்தில் எட்டு ஐம்பது. அங்கிருந்து எங்கள் ஊருக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம். அழுத்தி மிதித்தால், ரயில்வே கேட் மூடாமல் இருந்தால், பத்தரைக்கே போய்விடலாம். நான் இந்தக் கணக்கைப் போட்டேன். போடவில்லை என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், திரும்புடா என்று. காரணம்கூடச் சொல்லியிருக்க வேண்டாம். வெயில் ஏறுவதற்குள் மலைக்குப் போய்விடலாம் என்றேன்.

கட்டுமலைக் கோயிலில் மொத்தம் எத்தனை படி என்று ஏறும்போது அவன் எண்ணினான், எனக்கு எண்ணிக்கை நினைவில்லை. மேலே போனதும் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. "பாத்தியா, மலைதான்" என்றான். பிராகாரத்துச் சுவரில் ஏறி உட்கார்ந்து நாலா பக்கமும் பார்த்தோம். தட்டையான பூமியில் அவ்வளவு உயரமே எங்களுக்கு அதிகம். பச்சை உளுந்து, நடுவே வெள்ளையாக வாய்க்கால், தென்னைகளுக்கு மேலே கோபுரங்கள். அவன் கோபுரங்களை எண்ணி ஊர்ப்பெயர் சொல்லிக்கொண்டே வந்தான். மேற்கே கையை நீட்டி, அந்தப் பக்கம்தான் நம் ஊர், தெரியவில்லை என்றான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு மணி ஐந்து நிமிஷம்.

அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நிம்மதி. அப்பாடா, இனிமேல் சொன்னாலும் பயனில்லை, ஆகவே சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு பெரிய நிம்மதி. பசித்தது. பொட்டலத்தைப் பிரிக்கலாம் என்று நான்தான் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த தப்புகள் பல. எல்லாவற்றையும்விட அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தரங்கம்பாடிக்கு இரண்டு மணிக்குப் போனோம். கோட்டை நாங்கள் நினைத்ததைவிடச் சின்னது. காலண்டர்க் கோட்டை மேகத்தைத் தொடும், இது தென்னை மரத்தைத் தொடவில்லை. காரை உதிர்ந்த இடத்தில் அவன் கையால் தடவிப் பார்த்துவிட்டு, நம்ம ஊர்ச் செங்கல்தான் என்றான். ஏமாந்துவிட்டான் என்று நினைத்தேன். இல்லை, அவனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. நம்ம செங்கல்லில் கோட்டை கட்டலாம் என்பதே அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தான். உப்புக்காற்றில் சட்டை படபடக்க மதில் மேல் நின்று கடலைப் பார்த்தான்.

அங்கே இருந்த காவல்காரர் பேச்சுக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கதை சொன்னார். டேனிஷ்காரர்கள் கப்பலில் வந்து இறங்கியதும் தஞ்சாவூர் ராஜாவைப் பார்த்து, இந்த இடத்தில் இருந்துகொள்ளலாம் என்று தங்கத் தகட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்களாம். அதன் பிறகுதான் அஸ்திவாரமே தோண்டினார்களாம். அவன் அதைக் கேட்டுவிட்டு மதில் செங்கல்லை மறுபடி தடவிப் பார்த்தான். பிறகு என்னிடம் சொன்னான்.

"எங்கேருந்தோ கப்பல்ல வந்தவன், மொத வேலையா எழுதி வாங்கியிருக்கான் பாரு. எங்கப்பா நாப்பது வருஷம் ஒழுதாரு. ஒரு துண்டுக் காயிதம் கெடையாது."

சொல்லிவிட்டுச் சிரித்தான். என்மேல் குத்திச் சொன்னதில்லை. அவனுக்கு அப்போது ஆற்றாமைகூட இல்லை. காகிதம் இன்றைக்கோ நாளைக்கோ வந்துவிடும் என்கிற தைரியத்தில் இருந்தான். நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடலில் குளித்தோம். அவன் வேட்டியை அவிழ்த்துக் கரையில் வைத்துவிட்டுக் கோவணத்தோடு அலையில் இறங்கினான். அரைஞாணில் அந்தச் சாவி. சின்னச் சாவி, பித்தளை. அலை வந்து அடிக்கும்போதெல்லாம் அது போய்விடப்போகிறதே என்று ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டான். மணி மூன்று ஆகியிருந்தது. சாவடியில் எல்லாம் முடிந்து அதிகாரி ஜீப் ஏறியிருப்பார். அவன் மட்டும் சாவியைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு அலையில் விழுந்து விழுந்து எழுந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது கடல்காற்று முதுகில் தள்ளியது. மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. பாதி வழியில் நான் இறங்கி, நீ இதை ஓட்டு என்று பச்சை சைக்கிளை அவனிடம் கொடுத்தேன். வேண்டாம்டா, உங்கப்பா பார்த்தால் என்ன ஆகும் என்றான். பரவாயில்லை என்று வற்புறுத்தினேன். பெரிய தியாகம் செய்கிற மாதிரிதான் இருந்தது எனக்கு. அவன் ஏறிக்கொண்டு பெல்லை அடித்தான், ஆளில்லாத ரோட்டில். ஊர் வரும்வரை அடித்துக்கொண்டே வந்தான். நான் பின்னால் அந்தக் கிறீச்சோடு வந்தேன்.

பொழுது சாயும் நேரம் மதகில் அவன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். மத்தியானத்திலிருந்தே அங்கேதான் நிற்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. எங்கடா போய்த் தொலைந்தாய் என்று மட்டும் கேட்டாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். பதினோரு மணிக்குத் தலையாரி வந்து கூப்பிட்டிருக்கிறார். ஓடியிருக்கிறாள். அதிகாரி சர்வே நம்பர் கேட்டிருக்கிறார். மாமரத்துப் பக்கத்து வயல் என்று சொல்லியிருக்கிறாள். காகிதம் ஏதாவது இருக்கிறதா என்றால், இருக்கிறது, பெட்டியில் இருக்கிறது, சாவி மகனிடம் இருக்கிறது என்றிருக்கிறாள். மகன் எங்கே? சைக்கிளில் போனான், எந்த ஊருக்கு என்று தெரியாது. அரை மணி நேரம் அவகாசம் கொடுத்தார்களாம். பெட்டியை உடைத்துவிடு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் உடைக்கவில்லை. "நீ பூட்டி வெச்சத நான் எப்புடிடா ஒடைக்கிறது" என்றாள் அவனிடம். என் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, அந்த நிலம் எங்கள் சொந்தச் சாகுபடியில் இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மனு தள்ளுபடி.

அவன் பச்சை சைக்கிளிலிருந்து இறங்கி, ஸ்டாண்டு போட்டு, தோளில் இருந்த துண்டால் ஹாண்டில்பாரில் இருந்த உப்பு ஈரத்தைத் துடைத்துவிட்டு, "இந்தாங்க" என்று என்னிடம் தள்ளினான். அதற்குப் பிறகுதான் சாவடியைப் பார்க்க ஓடினான். சாவடியில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். வீட்டில் அப்பா சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். சக்கரத்தில் கடல் மணல் இருந்தது. தானே ஒரு துணியை எடுத்துத் துடைத்தார். வேறு நாளாக இருந்தால் என் தோலை உரித்திருப்பார்.

நான்கு நாள் கழித்து அவன் என்னை மதகுக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டான். கையில் உத்தரவு நகல் இருந்தது. விசாரணை குறித்துக் கிராமத்தில் தமுக்கு மூலம் முறையாக அறிவிக்கப்பட்டது என்று அதில் ஒரு வரி.

"வடக்குத் தெருவுல திங்கக்கெழம காலையில போட்டாங்களாமே. ஒனக்குக் கேக்கலையா?"

"நான் அன்னிக்குக் கும்பகோணம் போயிருந்தேன்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். "அதான் நெனச்சேன். நீ இருந்திருந்தா சொல்லியிருப்ப."

அப்பீல் செய்தான். இரண்டு வருஷம் தஞ்சாவூருக்கும் ஊருக்கும் அலைந்தான். ஒன்றும் ஆகவில்லை. அப்பா அந்த ஆறு மாவை வெளியூர்க்காரருக்கு விற்றுவிட்டார், இனிமேல் யாரும் உரிமை கேட்டு வந்துவிடக் கூடாது என்று. என் நண்பன் மாயவரத்தில் ஒரு பஸ் பட்டறையில் சேர்ந்து, அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே ரிட்டையர் ஆனான். அவன் அம்மா கடைசிவரை எங்கள் ஊரிலேயே அடுத்தவர் வயலில் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் சாப்பிட்டாயா தம்பி என்று கேட்பாள். அந்த மாமரத்து வயலில் கூலிக்குக் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் சிநேகம் விட்டுப்போகவில்லை. பொங்கலுக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்குப் பார்த்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவேன். ஒவ்வொரு முறையும் அவனே அந்த நாளைப் பற்றி ஆரம்பித்துவிடுவான். மடம், மலை, கோட்டை, தங்கத் தகடு. சொல்லச் சொல்ல முகம் மலர்ந்துவிடும். அதன் பிறகு எங்கே சொல்வது?

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவனுக்கு இதயத்தில் அடைப்பு என்று கேள்விப்பட்டு மாயவரத்துக்குப் போனேன். காரில் போகும்போதே வாசகத்தைத் தயார் செய்துகொண்டுதான் போனேன், பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி. அவன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் மகள். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறாள். என்னைப் பார்த்ததும் அவளிடம் சைக்கிள் கதையை மறுபடி ஆரம்பித்தான். அவள் நூறு தடவை கேட்டிருப்பாள். என் ஆயுசிலேயே அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை என்றான். அவள் மெதுவாக, அன்னிக்குத்தானேப்பா விசாரணை என்றாள்.

"ஆமா. அத விடு" என்றான் அவன். "இவன் மட்டும் தமுக்குப் போட்ட அன்னிக்கு ஊர்ல இருந்திருந்தான்னா, என்னைய இழுத்துக்கிட்டுப் போயி ஆபீசரு முன்னாடி நிறுத்தியிருப்பான்."

என்னப்பா அவரைப் போய் இவன் என்கிறீர்கள் என்று மகள் கடிந்துகொண்டாள். இது மதகுக்கு அந்தப் பக்கம்மா, இங்கே அப்படித்தான் என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அவள் கொடுத்த காபியைக் குடித்தேன். தயார் செய்துகொண்டு வந்த வாசகத்தை அப்படியே திரும்பக் கொண்டுபோனேன்.

நான்கு மாதத்தில் அவன் போய்விட்டான். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தபோது மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று கேட்டாள். நீங்கள் எழுதுகிறவராயிற்றே சார், அந்த ஒரு நாளைப் பற்றி எழுதிக் கொடுங்கள், அப்பாவுக்கு அது ரொம்ப ஆசை, பிள்ளைகள் படிப்பார்கள் என்றாள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒன்றரை வருஷமாக மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் வைக்கோல், உளுந்து, கடல்காற்று என்று அழகாக எழுதிவிட்டுக் கிழித்துப்போட்டேன்.

அம்மா, நீ கேட்டதை எழுதிவிட்டேன். மடம், மலை, கோட்டை எல்லாம் இதில் இருக்கிறது. உன் அப்பா பெல் அடித்துக்கொண்டு வந்ததும் இருக்கிறது. அவருக்குத் தெரியாதது ஒன்றும் இருக்கிறது. பயணம் புதன்கிழமை ஆகிவிட்டது என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா, அது தானாக ஆகவில்லை. அந்தத் திங்கட்கிழமை நான் கும்பகோணம் போகவில்லை. தமுக்கு அடித்தபோது எங்கள் வாசலில்தான் நின்றிருந்தேன், கடைசி வார்த்தைவரை கேட்டேன். சாயங்காலம் வாய்க்காலைத் தாண்டி உங்கள் வீட்டுக்கு வந்தேன். உன் பாட்டி எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எனக்கு முடியாது, நாளை மறுநாள் போவோம் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் உடனே சரி என்றார்.